கம்பியில் குத்திய காலண்டர் தாள்கள்: பொருளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தில் பொதுச்சேவை செய்யும் குழுக்கள், சங்கங்கள், அறக்கட்டளைகளின் பொருளாளர்களுக்கு,

வணக்கம்.

சிம்மக்கல்லில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதியவள் நான். வேலையை விட்ட பிறகு, செக்கானூரணிப் பக்கம் மாலைநேரப் பாடசாலை நடத்தும் ஒரு சின்னச் சங்கத்தில் பொருளாளராக இருக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்கு வெளியே நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற பிள்ளைகள், கண்மாய்க்குள் இறங்கிச் சீமைக் கருவேலத்தைத் தூரோடு தோண்டி எடுக்கிறவர்கள், சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்கள், ஆதரவற்ற உடல்களைத் தத்தனேரிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்கிறவர்கள் என்று உங்களில் பலரை நேரில் பார்த்திருக்கிறேன். சேவையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பணத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் உங்கள் கையில் இருப்பதால், தலைவருக்கும் செயலாளருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் எங்கள் குழுவில் பொருளாளராக இருந்தவர் ஒரு தையல்காரர். அப்போது நாங்கள் எங்கும் பதிவு செய்திருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் அவர் வரவு செலவு எழுதுவார். எழுதியதைத் தையல் மிஷினுக்கு மேலே தொங்கிய கம்பியில் குத்திவிடுவார். ‘பேனா 24, ரூ. 240.’ ‘நாகமலை சார் 1000, பேர் போட வேண்டாம்.’ ‘பெட்ரோமாக்ஸ் வாடகை வேணாம்னுட்டாங்க.’ ஒரு ரூபாய் பிசகாது. ஆனால் பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் இருந்தது. அவருடைய ஜிபே நம்பருக்குத்தான் எல்லாரும் அனுப்புவார்கள். நல்ல மனுசன், அதனால் யாரும் யோசிக்கவில்லை.

ஓர் ஐப்பசி மழை நாளில் மாரடைப்பில் இறந்துபோனார். நாற்பத்தொரு வயது.

வங்கிக் கணக்கில் நாமினியாக இருந்த அவருடைய அம்மா அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். கணக்கு நின்றுபோனது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கடன் கொடுத்தவர்கள் இரண்டு பேர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய அண்ணன் என்னிடம் கேட்டார்: “என் தம்பி கணக்குல இருக்கிற பணம் உங்க பணம்னு என்னத்த வச்சுச் சொல்றீங்க?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. எங்களிடம் ரசீது இல்லை, தீர்மானம் இல்லை, பாஸ்புக் இல்லை. ஒரு வாரம் கழித்து அவருடைய மனைவி அந்தக் கம்பியை அப்படியே மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். “இதுல பிள்ளைக காசு எவ்வளவுன்னு எண்ணிச் சொல்லுங்கக்கா.”

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினோம். முந்நூற்றுச் சொச்சம் தாள். மழையில் நனைந்து சில தாள்களில் மை கரைந்திருந்தது. 61,430 ரூபாய் வந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வங்கியில் எழுதிக்கொடுத்து, பணம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடனுக்கு நடுவில் நின்ற அந்தப் பெண், ஒரு ரூபாய் குறையாமல் கொண்டுவந்து கொடுத்தார். அவரை அப்படி ஒரு சோதனையில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் நாங்கள்தான். அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். உங்கள் குழுவின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் யார் பெயர் வருகிறது? உங்கள் பெயர் என்றால், இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். சாவு ஒரு பக்கம் இருக்கட்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தமாக 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வரும் பணம் உங்கள் வருமானம் என்றுதான் வருமான வரிச் சட்டம் முதலில் பார்க்கும். ‘இது என் பணம் இல்லை, ஊர்ப் பணம், இன்ன இன்ன செலவுக்குப் போனது’ என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஒரு வெள்ள நிவாரணத்துக்கு உங்கள் நம்பரை வாட்ஸப்பில் போட்டால் இரண்டு நாளில் மூன்று லட்சம் வந்துவிடும். வருகிறபோது சந்தோஷம். இரண்டு வருடம் கழித்து அந்த மூன்று லட்சத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்போது உங்கள் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, முதல் வேலை அமைப்புக்குச் சட்டப்படி ஓர் உருவம் கொடுப்பது. நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள்.

ஒன்று அறக்கட்டளை. இரண்டு பேர் அறங்காவலர்களாக இருந்தாலே போதும். நோக்கத்தையும் நிர்வாகத்தையும் பத்திரமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. பொது அறக்கட்டளைகளுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. ஆகவே உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பாதிச் சட்டம். டைப் அடிக்கிற இடத்தில் வைத்திருக்கும் மாதிரிப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று சங்கம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்வது. குறைந்தது ஏழு பேர் வேண்டும். துணைவிதி எழுத வேண்டும், பைலா என்று சொல்வோமே அதுதான். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7இல் தெரிவிக்க வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டித் தணிக்கை செய்த கணக்கை வைத்து, அந்தக் கணக்கையும் சங்கம் இயங்கிக்கொண்டிருக்கிறது என்ற உறுதிமொழியையும் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து கொடுக்காமல் விட்டால் செயலற்ற சங்கம் என்று பெயரை நீக்கிவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் கம்பெனியாகவும் பதிவு செய்யலாம். அதற்கு ஆண்டுதோறும் ஆகும் தாக்கல் செலவை நம் அளவுள்ள குழுக்கள் தாங்குவது கஷ்டம்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால், பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்கிற குழுவுக்குச் சங்கம்தான் என்பேன். அறக்கட்டளையில் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணவரும் மனைவியும் அறங்காவலர்கள், மகன் பொருளாளர் என்று நடத்தலாம், சட்டம் தடுக்காது. சங்கத்தில் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஓர் உறுப்பினர் எழுந்து நின்று “அந்த 12,000 எதுக்கு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பொருளாளருக்கு வரி அதிகாரியின் கேள்வி பயமாக இருக்காது.

எந்த வழியாக இருந்தாலும் எழுத்தில் சில விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். அமைப்பைக் கலைத்தால் மிஞ்சும் பணமும் பொருளும் இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போகும், உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது என்று எழுத வேண்டும். யாருக்காகச் செய்கிறோம் என்பதில் இன்னும் கவனம் வேண்டும். நம் பகுதியில் உறவின்முறைகளும் சமூகச் சங்கங்களும் அதிகம். அவை நடத்தும் நல்ல பள்ளிகளில் படித்து வந்தவள்தான் நானும். ஆனால் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பிறகு உருவான ஓர் அமைப்பு ‘எங்கள் சாதியாருக்கு மட்டும்’ அல்லது ‘எங்கள் மதத்தாருக்கு மட்டும்’ உதவி என்று எழுதிக்கொண்டால் வரிவிலக்கு கிடைக்காது. அட்டவணைச் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு என்றால் இந்தத் தடை பொருந்தாது. ‘ஏழை மாணவர்கள்’ என்று எழுதினால் எல்லாரும் அதில் அடங்குவார்கள். எனக்கு அதுதான் பிடித்த சொல்லும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ‘டிரஸ்ட் ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, இனிமே வரி இல்லை’ என்று நினைத்துக்கொண்டு பத்து வருடம் ரிட்டர்ன் போடாமல் இருந்தவர்களை என் மேஜைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். பதிவு என்பது அமைப்பு பிறந்ததற்குச் சான்று, அவ்வளவுதான். வரிவிலக்கு வேண்டுமென்றால் வருமான வரித்துறையில் தனியாக 12ஏபி பதிவு வாங்க வேண்டும். உங்களுக்குக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை வேண்டுமென்றால் 80ஜி அங்கீகாரம் தனியாக வாங்க வேண்டும். மூன்றும் வேறு வேறு. பான் கார்டு மட்டும் எடுத்து, 12ஏபி இல்லாமல் இருந்தால் சேவைக்கு வந்த பணத்துக்கே வரி கேட்க இடம் உண்டு.

12ஏபி, 80ஜி என்ற பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் நம்மைப் போன்றவர்களுக்குப் ‘பதிவு பெற்ற லாபநோக்கற்ற அமைப்பு’ என்று ஒரே பெயர். நமக்கான விதிகள் 332ஆம் பிரிவிலிருந்து ஒரே இடத்தில் வருகின்றன. 80ஜிக்கு அங்கே 133ஆம் பிரிவு. படிவ எண்களும் மாறுகின்றன. உங்கள் அலமாரியில் இருக்கும் சான்றிதழ்களில் பழைய எண்கள்தான் இருக்கும், ஆடிட்டர்கள் வாயிலும் அவைதான் வரும் என்பதால் நானும் பழைய எண்களிலேயே எழுதுகிறேன்.

12ஏபி வாங்குவது நாம் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. எல்லாம் ஆன்லைன்தான். இன்னும் வேலையைத் தொடங்காத புதிய அமைப்பு, படிவம் 10ஏயில் மனு போட்டால் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். வேலை தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது அந்த மூன்று ஆண்டு முடிவதற்கு ஆறு மாதம் முன்பாக, இதில் எது முந்தி வருகிறதோ அதற்குள் 10ஏபியில் முறையான பதிவுக்கு மனு போட வேண்டும். அது ஐந்து ஆண்டுக்கு. ஆண்டு வருமானம் 5 கோடியைத் தாண்டாத சின்ன அமைப்புகளுக்கு இதைப் பத்து ஆண்டாக ஆக்கியிருக்கிறார்கள், 2025 ஏப்ரல் 1க்குப் பிறகு போட்ட மனுக்களுக்கு. நமக்கு இது பெரிய உதவி. ஆனால் பத்து ஆண்டு என்றால் மறந்துபோகவும் வசதி. அதற்குள் பொருளாளர் மூன்று பேர் மாறியிருப்பார்கள்.

மறந்தால் என்ன ஆகும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 12ஏபிக்கு முன்பிருந்த பழைய 12ஏ சான்றிதழ் வைத்திருந்தவர்கள் எல்லாரும் 2021இல் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்படிப் பதிவு செய்தவர்களுக்குக் கிடைத்த ஐந்து ஆண்டு 2026 மார்ச் 31 வரைதான். ஆயுளுக்கும் செல்லும் என்று நினைத்துப் பழைய சான்றிதழைக் கண்ணாடி பிரேம் போட்டு மாட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அந்த ஆண்டு வருமானத்துக்கு வரி என்பதோடு முடிவதில்லை. அமைப்பின் சொத்துகளுக்கு இன்றைய சந்தை மதிப்புப் போட்டு, கடனைக் கழித்து, மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முப்பது வருடம் முன்பு யாரோ தானமாகக் கொடுத்த ஐந்து சென்டில் நிற்கும் முதியோர் இல்லம் அந்த வரியைக் கட்ட எங்கே போகும்? இன்றைக்கே உங்கள் சான்றிதழை எடுத்து, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று பாருங்கள்.

பதிவு வாங்கியபின் சட்டம் கேட்பது நியாயமான விஷயம்தான். வந்த பணத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்காகச் செலவழி என்கிறது. 4,00,000 ரூபாய் வந்தால் 3,40,000 செலவாகியிருக்க வேண்டும். மீதி 60,000ஐக் கேள்வியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். வகுப்பறை கட்டச் சேர்க்கிறோம், இந்த வருடம் 85 சதவீதம் செலவழிக்க முடியாது என்றால் அதற்கும் வழி உண்டு. என்ன நோக்கத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று தீர்மானம் போட்டுப் படிவம் 10இல் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஐந்து ஆண்டு வரை சேர்க்கலாம். சேர்த்த பணம் வங்கி, அஞ்சலகம் போன்று சட்டம் சொன்ன இடங்களில்தான் இருக்க வேண்டும். தெரிந்தவருடைய சீட்டிலோ, நகைக்கடைத் திட்டத்திலோ ஊர்ப் பணத்தைப் போடக் கூடாது. பில் வந்துவிட்டது, பணம் அடுத்த மாதம் கொடுப்போம் என்றால் அது இந்த ஆண்டுச் செலவில் சேராது. கொடுத்த தேதிதான் கணக்கு.

ரொக்கச் செலவிலும் ஓர் எல்லை உண்டு. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் கையில் கொடுத்தால் அது செலவாகவே ஏற்கப்படாது. சமையல் மாஸ்டருக்கு, பந்தல்காரருக்கு, கொத்தனாருக்கு என்று நாம் கையில் கொடுத்தே பழகியவர்கள். “செக்கெல்லாம் வேணாம் தம்பி” என்பார்கள். அவர்களிடமும் இன்றைக்கு ஜிபே இருக்கிறது, அமைப்பின் கணக்கிலிருந்து அனுப்புங்கள். ஒரே ஒப்பந்தக்காரருக்கு ஒரு பில்லில் 30,000 அல்லது ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வரியை, பிடித்துக் கட்ட வேண்டும். விட்டால் அந்தத் தொகையில் 30 சதவீதம் செலவுக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஜிஎஸ்டி நம்மில் பலரைத் தொடாது. மண்டபத்தை வாடகைக்கு விடுகிறவர்களும் பொருள் தயாரித்து விற்கிறவர்களும் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ரசீது. இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமான இடம் இதுதான்.

அழகர்கோயிலுக்குப் போகிறவர்கள் பெருமாளைக் கும்பிட்டு, நூபுர கங்கையில் குளித்துத் திரும்பிவிடுகிறோம். அதே மலையின் இன்னொரு பக்கம், கிடாரிப்பட்டிக்கு மேலே, சமண முனிவர்கள் தங்கிய ஒரு குகைத்தளம் இருக்கிறது. அங்கே சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழி எழுத்தில், கொடை கொடுத்தவர்களின் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். மதுரைப் பொன் கொல்லன் ஒருவன். உப்பு வணிகன் ஒருவன். ஏர்க்கொழு விற்றவன் ஒருவன். பெயர், தொழில், சிலருக்கு ஊர். ராஜா இல்லை, மந்திரி இல்லை, கடைத்தெருவில் உட்கார்ந்து சம்பாதித்தவர்கள். அவர்கள் கொடுத்தது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. கொடுத்தவன் பெயர் மறையக் கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து கல்லில் வெட்டினார் என்பது தெரிகிறது. அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு எங்கள் தையல்காரரின் கம்பிதான் நினைவுக்கு வந்தது.

இன்றைய சட்டமும் அதையேதான் கேட்கிறது. கொடுத்தவர் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் எண். யார் கொடுத்தார் என்ற விவரமே இல்லாமல் வந்த பணம், மொத்த நன்கொடையில் 5 சதவீதம், ஒரு லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. உண்டியல் வைத்திருக்கிற சேவை அமைப்புகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பேர் போட வேண்டாம்’ என்று சொல்கிறவர் பெயரை நோட்டீஸில் போட வேண்டாம். ரசீதில் போட்டே ஆக வேண்டும். நாகமலை சாரிடம் நான் அதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே பான் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

80ஜி வாங்கியிருந்தால், ஆண்டு முடிந்து மே 31க்குள் எல்லா நன்கொடையாளர் விவரத்தையும் படிவம் 10பிடியில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற சான்றிதழ் இறங்கும். அது இல்லாமல் நீங்கள் அச்சடித்துக் கொடுத்த அழகான ரசீதை வைத்து அவரால் சலுகை கேட்க முடியாது. தாமதமானால் ஒரு நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் அபராதமும் உண்டு. கொடுப்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ‘முழு வரிவிலக்கு’ என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள், தப்பு. நம்மைப் போன்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால் பாதித் தொகைக்குத்தான் கழிவு. 10,000 கொடுத்தால் வரி போடும் வருமானத்தில் 5,000 குறையும், அதற்கும் மேல்வரம்பு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததற்குக் கழிவே கிடையாது. அரிசி மூட்டை, பழைய கம்ப்யூட்டர், சேலை என்று பொருளாகக் கொடுத்ததற்கும் இல்லை. புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரருக்கும் இல்லை. இதைச் சொன்னால் கொடுக்க மாட்டார்களே என்று பயப்படாதீர்கள். நாங்கள் சொன்ன பிறகும் கொடுக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் நம் ஊர்க்காரர்கள் தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும்வரை, அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அங்கே குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, எஃப்சிஆர்ஏ என்பார்களே அதன்படி, உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும். அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். பணம் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்கு மட்டும்தான் வரலாம். அதில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு கூடாது. இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் கூடாது. பதிவு இல்லாத அமைப்பின் கணக்கில் மலேசியாவிலிருந்து சித்தப்பா 20,000 போட்டுவிட்டார் என்றால், அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று முதலில் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பணம் அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிட்டால் கூச்சம் குறைவு.

நிர்வாகிகளின் வீட்டுக்கு அமைப்பின் பணம் போகும் விஷயம் அடுத்தது. செயலாளரின் தம்பி அச்சகம் வைத்திருக்கிறார், நோட்டீஸ் அங்கேதான் அடிப்போம். தலைவர் வீட்டு மாடிதான் அலுவலகம். இதெல்லாம் சட்டத்தில் தடை இல்லை, சந்தை விலைக்கு மேல் கொடுத்தால்தான் தடை. அப்படிக் கொடுத்தது தெரிந்தால் அந்தப் பணத்துக்கு விலக்கு போய்விடும். நான்கு இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, ஒரே கவரில் போட்டு வைத்து, அந்த நிர்வாகி ஓட்டுப் போடாத கூட்டத்தில் தீர்மானம் எழுதி வையுங்கள். அந்த நிர்வாகிக்கே இது பாதுகாப்பு.

கடைசியாகத் தேதிகள். வருமானம் வரி இல்லாத அடிப்படை வரம்பைத் தாண்டினால் தணிக்கை கட்டாயம், தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30க்குள். தணிக்கை உள்ள அமைப்புகள் ஐடிஆர்-7 என்ற வருமான வரி ரிட்டர்னை அக்டோபர் 31க்குள் போட வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கிராம நூலக அறக்கட்டளையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆடிட்டர் அறிக்கையை நேரத்துக்கு ஏற்றிவிட்டார். ஆனால் அமைப்பின் லாகினுக்குள் போய் அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பாஸ்வேர்டு பழைய செயலாளரிடம் இருந்தது, அவர் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். யாரும் அழுத்தவில்லை. விலக்கு மறுக்கப்பட்டு, செலவழித்து முடித்த பணத்துக்கு வரி கேட்டு அறிவிப்பு வந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லிச் சென்னையில் உள்ள ஆணையருக்கு மனு போட்டு, காத்திருந்து, அலைந்து சரிசெய்தார்கள். ஆகவே அமைப்பின் லாகின், அதோடு இணைந்த போன் நம்பர், இமெயில் மூன்றும் இன்றைய நிர்வாகிகளுடையதா என்று பாருங்கள். பீபீகுளம் அலுவலகத்துக்கு நேரில் அலைந்த காலம் போய், எல்லா அறிவிப்பும் இப்போது அந்த இமெயிலுக்குத்தான் வருகிறது.

இதைப் படிக்கும் மதுரை ஆடிட்டர்களுக்கும் பதிவுத்துறை அதிகாரிகளுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, நடத்துகிறவர்கள் தமிழில் யோசிக்கிறவர்கள். சங்கம் பதிவு செய்து சான்றிதழ் கொடுக்கிற அன்றைக்கே, இனி ஒவ்வொரு ஆண்டும் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். ஆடிட்டர்கள் மாதம் ஒரு மணி நேரம் சின்னக் குழுக்களுக்கு ஒதுக்குங்கள். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அதைச் செய்தோம். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்ந்த சிக்கல்கள் நிறைய.

நாங்கள் இப்போது ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த சங்கம். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், செக்கில் இரண்டு கையெழுத்து. 12ஏபி இருக்கிறது. தையல்காரரின் மனைவி செயற்குழுவில் இருக்கிறார். ரொக்கப் புத்தகத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரும் நானும் சேர்ந்து எண்ணி, கீழே கையெழுத்துப் போடுகிறோம். இந்த மாதத்திலிருந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலைத் திண்ணையில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நான் இருப்பேன். பதிவுச் சான்றிதழ், பான், வங்கி ஸ்டேட்மென்ட், கடைசியாகப் போட்ட ரிட்டர்ன், இவற்றில் இருப்பதைக் கொண்டுவாருங்கள். ஒன்றுமே இல்லை, வீட்டில் ஒரு பையில் தாள்கள்தான் இருக்கின்றன என்றால் அந்தப் பையைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து எண்ணுவோம்.

அன்புடன்,
செக்கானூரணிப் பக்கத்து மாலைநேரப் பாடசாலைச் சங்கத்தின் பொருளாளர்